அடையாள அட்டையில் இருந்த பெண்

நாகேந்திரம் கனகேஸ்வரி, வயது 54, விதவை. வெள்ளவத்தை, காலி வீதியில் சந்தைக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மேல்மாடியில் வசிக்கிறேன். கீழே உள்ள போட்டோ ஸ்டூடியோ என் கணவர் தொடங்கியது. அவர் காலமான பின் ஒன்பது வருடமாக நானே நடத்துகிறேன். 1997 ஆகஸ்ட் 16ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 11.20க்கு, ஒருவரும் அழைக்காமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து உப பொலிஸ் பரிசோதகர் மஜீட் அவர்களிடம் தமிழில் சொல்லி எழுதுவிப்பதாவது:

நேற்று முன்தினம் இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும், பொய் சொன்னது அதைப் பற்றித்தான். நெகட்டிவ்வில் பென்சில் தடவினால் படத்தில் சுருக்கம் மறையும். பிளேடால் சுரண்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும். பென்சில் வேலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எத்தனையோ மாப்பிள்ளைமாரின் அம்மைத் தழும்பை நான் அழித்திருக்கிறேன், பெண் வீட்டார் என்னை மன்னிக்கட்டும். சுரண்டிக் கோடு போட்டது முப்பது வருடத்தில் ஒரே ஒரு முகத்துக்குத்தான்.

இவ்வருடம் பெப்ரவரி 18ஆம் திகதி காலை, செல்லையா பாக்கியலெட்சுமி, வயது 71, என்பவர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். கடற்கரைப் பக்கம் ஜாபிர் என்பவர் நடத்தும் லொட்ஜில் ஓர் அறையில் இருப்பவர். லொட்ஜில் தங்குபவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும், அட்டை இல்லாதவரைப் பதிய முடியாது, விண்ணப்பமாவது போடாவிட்டால் மாத முடிவில் அறையை விட வேண்டும் என்று ஜாபிர் சொல்லிவிட்டாராம். இந்திய வம்சாவளிக் குடும்பம் என்பதால் பிரஜாவுரிமைப் பத்திரம் வருடக்கணக்காக இழுபட்டு அப்போதுதான் கையில் கிடைத்திருந்தது.

ஸ்டூலில் இருத்தி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "அத ஒரு சாண் எறக்குங்க புள்ள, மூக்கு நெழல் ஒதட்டுல விழுது" என்றார். என் ஸ்டூடியோவில் எனக்கே பாடமா என்று கோபம் வந்தது. இறக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னது: பிறந்தது கொட்டாஞ்சேனையில், தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. பதினைந்து வயதில், அங்கே நாடகம் போட வந்த இந்தியக் கம்பனியின் நடிகை காய்ச்சலில் விழ, இவர் மேடையேறினார். அதன் பின் அந்தக் கம்பனியோடே தலைமன்னாரில் கப்பலேறி அக்கரை போய், சேலத்திலும் கோயம்புத்தூரிலும் சந்திரவதனி என்ற பெயரில் பதினொரு படங்களில் நடித்தார், பாதிக்கு மேல் ராணி வேடம். அதன் பின் அங்கேயே எடுத்த இரண்டு சிங்களப் படங்களில் வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பேசினார். மூன்றாவது படம் பாதியில் நின்றுவிட, 1957இல் கொழும்புக்குத் திரும்பி, கலியாணம் கட்டாமல், கொம்பனித்தெருவில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்துக் காலம் கழித்தார். அக்கரையில் அவருடைய படச்சுருள்களை வெள்ளி எடுக்க உருக்கிவிட்டார்களாம். இங்கே மிஞ்சியவை ஹெந்தளையில் ஒரு கட்டடத்தில் இருந்து எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தன. அதே கிழமை அவருடைய அறையும் எரிந்தது, பெட்டியில் வைத்திருந்த போட்டோக்களும் போயின.

"நான் நடிச்சேன்னு காட்ட ஒரு துண்டுப் படங்கூட இல்ல புள்ள" என்றார்.

நான் நம்பவில்லை. வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருக்கிற பாதிப் பேருக்கு முன்னொரு காலத்தில் எங்கேயோ ஒரு மாளிகை இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் படத்தைக் கழுவி அச்சடித்தேன். படத்தில், ஸ்டூலில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். அதே திரை, பாக்கியலெட்சுமி அம்மா கட்டியிருந்த அதே கரைச் சேலை. என் ஸ்டூடியோவில் இரண்டு விளக்குகள், ஆகையால் யாரை எடுத்தாலும் கண்ணில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் விழும். இந்தப் பெண்ணின் கண்ணில் ஒன்றுதான் இருந்தது, பெரியதாக, வேறு எங்கோ ஒரு பெரிய விளக்கின் முன் இருப்பவள் போல. அதே சுருளில் முன்னதாக எடுத்த லுத்பியா என்ற பிள்ளையின் படம் பிழையில்லாமல் வந்திருந்தது.

அடுத்த நாள் படம் பழுது என்று சொல்லி அவரை மறுபடியும் அழைத்து எடுத்தேன். அதே பெண். அதன் பின் மூன்றாம் முறை எடுத்தேன். அதில் அவள் கமராவைப் பார்க்கவில்லை, நான் நின்ற பக்கம் பார்த்தாள். எடுக்கும்போது அம்மா அசையவில்லை என்று சத்தியம் செய்வேன்.

விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கியது. ஆகையால் முதலாவது நெகட்டிவ்வை எடுத்து, அம்மாவின் முகத்தை நினைவில் வைத்து, நெற்றியிலும் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் பிளேடால் சுரண்டிக் கோடு போட்டேன். பாதி நாள் பிடித்தது. நான்கு பிரதி அடித்தேன், நான்கிலும் கிழவி முகம் வந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு புள்ள?" என்று கேட்டார். இரண்டை அவர் கொண்டுபோனார், இரண்டு என்னிடம் இருக்கின்றன.

ஜூலை கடைசியில் அட்டை வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அட்டையில் இருந்தது அந்த இளம்பெண். நான் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருந்த பிரதிகளை எடுத்துப் பார்த்தேன், அவற்றில் எல்லாக் கோடும் அப்படியே இருந்தது. "இத்தன வருசமா எங்கயோ இருந்திருக்கா புள்ள" என்று அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது ஆபத்து, திருப்பிக் கொடுங்கள் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை. நான் செய்த குற்றம் அதுதான்.

ஆகஸ்ட் 12ஆம் திகதி காலை காலி வீதிச் சோதனைச் சாவடியில், வேறு ஒருத்தியின் அட்டையை வைத்திருந்த சந்தேகத்தில் அவரைப் பிடித்தார்கள். 14ஆம் திகதி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் அழித்தது ஒன்றுமில்லை, கோடு போட்டேன் என்று சொன்னேன். மஜீட் அவர்கள் நெகட்டிவ்வை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். சுரண்டல் இருந்தது. அதன் பின் என்னிடம், "அக்கா, சுருக்கத்த அழிச்சன்டு சென்னா மனிசி இன்டைக்கே போவும். இல்லாட்டி நாளைக்கு வேற எடத்துக்கு அனுப்புவாங்க. பொறகு என்ட கையில ஒன்டும் இல்ல" என்றார். இதையும் எழுத வேண்டுமா என்று இப்போது கேட்கிறார். எழுதும்படி சொன்னேன்.

கையெழுத்துப் போட முன் அம்மாவை நடைவழியில் பார்த்தேன். இரண்டு நாளில் பாதியாக இருந்தார். "என்னைய எங்க அனுப்புனாலும் அனுப்பட்டும். அந்த அட்டைய வெட்ட மட்டும் விட்டுறாதீங்க" என்றார். எனக்கு அவர் உயிர் பெரிதாகப் பட்டது. அழகுக்காகச் சுருக்கத்தை அழித்தேன் என்று பொய் சொல்லிக் கையெழுத்திட்டேன். அதன் பின் அம்மாவை விடுவித்து, அட்டை செல்லாது என்று எங்கள் இருவர் முன்னிலையிலும் அதைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினார்கள். அம்மா அழவில்லை. கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நேற்றுக் காலை புதிய அட்டைக்குப் படம் எடுக்க அவரை ஸ்டூலில் இருத்தினேன். நெகட்டிவ்வில் திரையும் ஸ்டூலும் மட்டும் விழுந்தன. ஸ்டூலின் மெத்தை, ஆள் இருப்பது போல அமுங்கியிருந்தது. ஐந்து முறை எடுத்தேன். அதன் பின் பக்கத்து ஸ்டூடியோ கிளெமென்ற் தன் கமராவைக் கொண்டுவந்து எடுத்து, தன் கையாலேயே கழுவினார். அதிலும் ஸ்டூல்தான். அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நேற்றைய ஆறு நெகட்டிவ்களையும் பெப்ரவரியில் எடுத்த மூன்றையும், சுரண்டியது உட்பட, இத்துடன் ஒப்படைக்கிறேன்.

பாக்கியலெட்சுமி அம்மா இப்போது இந்த நிலையத்தின் முன்வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். மஜீட் அவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறார் என்று சொன்னார். அதையும் இதில் எழுதும்படி கேட்டு எழுதுவித்தேன். அவரிடம் அட்டை இல்லை, இனி எடுக்கவும் வழியில்லை. லொட்ஜுக்குப் போக ஒரு சாவடியைத் தாண்ட வேண்டும். ஆகையால் இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை நிலைய முத்திரையுடன் அவர் கையில் கொடுக்க வேண்டுகிறேன். படம் இல்லாமல் எப்படி என்று மஜீட் அவர்கள் கேட்டதால், வாங்கின் முன் நின்று பார்த்துச் சொல்வது:

உயரம் நாலடி பதினொரு அங்குலம். மெலிந்தவர், மாநிறம். நெற்றியில் மூன்று கோடு, நடுக்கோடு இடையில் அறுந்திருக்கும். இடது புருவத்தின் மேல் சிறு மறு. வலது காதுச்சோணை நகைப் பாரத்தில் கிழிந்து தைத்தது. வாயின் இருபுறமும் ஆழமான மடிப்பு, சிரித்தால் இடது பக்கம் மட்டும் விரியும். மேல்வாயில் இரண்டு பல் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் சற்றே திருப்பிக் கொடுத்தார், நாடியை நானே நேராக்க வேண்டியிருக்கவில்லை.

மஜீட் அவர்கள் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். அழகாக்க ஒரு கோட்டையும் அழிக்கவில்லை, பயத்தில் ஒரு கோட்டையும் சேர்க்கவில்லை. இது அவர்தான்.

(ஒப்பம்) நா. கனகேஸ்வரி