ஜன்னலுக்கு விட்ட ஓர் அங்குலம்

– என்னது, ஜன்னல் விழுந்துருச்சா?

– விழலீங்க. நிக்க மாட்டேங்குது. சட்டத்தைத் தூக்கி வெச்சா சுவத்துக்குள்ள லொட லொடன்னு ஆடுது.

– சுவர் யார் கட்டினது?

– நான்தான்.

– அதான பாத்தேன்.

– சிரிக்காதீங்க, போனை வெச்சுருவேன்.

– சிரிக்கல மகராசி, இருமல். உனக்கா அளவு எடுக்கத் தெரியாது? இருபத்தாறு வருசமா தெருவுல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைச்சவ நீ.

– அதுதாங்க வினையே. டேப் வெச்சு அளந்தேன், சாக்பீஸால கோடு போட்டேன், எல்லாம் சரியா இருந்துச்சு. கல்லு வெக்கும்போது கை தன்னால ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் தள்ளிப் போயிருச்சு.

– எதுக்கு?

– தையலுக்கு.

– சுவத்துல என்னடி தையல்?

– பின்னாடி பிரிச்சு விடணும்னா இடம் வேணாமா? பழக்கம்.

– அடிப்பாவி! ஜன்னல் குண்டாயிரும்னு நெனச்சியா?

– போதும், இங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. என்கூட கலவை போடுற டாக்டரம்மா மணல் மேலயே உக்காந்து சிரிச்சாங்க.

– உங்க மேஸ்திரி, அந்த நெட்டையர்?

– அவர் சிரிக்கல. அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. சட்டத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, தொப்பியைக் கழட்டி தலையச் சொறிஞ்சாரு.

– பாவம் அந்த மனுசன். பிள்ளைங்க தங்கிப் படிக்க விடுதி கட்டணும், சும்மா வந்து உதவுங்கன்னு தேசம் தேசமா ஆள் கேட்டாங்க. கடைசியில அவர் தலையில வந்து விழுந்தது ஒரு டெய்லர். சரி, ரைட்டு. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வந்து இறங்குற?

– அதுக்குத்தாங்க கூப்பிட்டேன்.

– ஏன், விமானம் லேட்டா?

– அந்தச் சுவரைப் பிரிச்சுக் கட்டணும். நான் பண்ணின தப்பை நான்தானே சரி பண்ணணும்? ஒரு மாசம் ஆகுங்க.

– ஒரு ஜன்னலுக்கு ஒரு மாசமா?

– கல்லை உடைக்காம பிரிக்கணும், மணல் சலிக்கணும், கலவை போடணும், கட்டின பிறகு தண்ணி விட்டு ஊற வெக்கணும்...

– இந்தாம்மா, முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் வெளியிலயே வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருப்பான். பின்மண்டையப் பாத்தே பிடிச்சிருவேன். உன் குரலுக்கும் இப்போ அதே பின்மண்டை.

– நான் என்ன பொய்யா சொல்றேன்?

– இங்க நிலைமை தெரியுமா? தைக்கக் கொடுத்த துணி கட்டில் உயரத்துக்குக் கெடக்கு. என் தங்கச்சி தினமும் வந்து, "அண்ணி மண்ணு சுமக்குது, நீ சாஞ்சு உக்காந்திருக்கியே"ன்னு குத்திட்டுப் போறா. என் சட்டையில ஒரு பட்டன் இல்ல. ஊக்கு போட்டுட்டு அலையறேன்.

– சாப்பிட்டீங்களா?

– பேச்சை மாத்தாத. சோறு களியாப் போச்சு, அதையும் சாப்பிட்டேன்.

– ஏங்க.

– ம்.

– பொய்தான் சொன்னேன். நெட்டையர் அரை மணி நேரத்துல வழி பண்ணிட்டாரு. சட்டத்தைச் சுத்தி மரத்துண்டு வெச்சு அடிச்சாரு, கச்சிதமா உக்காந்துருச்சு. சுவரைத் தொடவே இல்ல.

– அப்போ வெள்ளிக்கிழமை வரலாம்.

– வரலாம்.

– இழுக்குறியே.

– அடுத்த வாரம் கூரை போட ஆரம்பிக்கிறாங்க. காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு, வாளித் தண்ணிய மூஞ்சியில அடிச்சுட்டு சாரத்துல ஏறினா, "எப்போ ரெடியாகும், எப்போ ரெடியாகும்"னு கேக்க ஒரு ஆள் இல்ல. இத்தனை வருசம் மிஷின் மேல குனிஞ்சே கெடந்த கழுத்து, இங்க வந்துதாங்க அண்ணாந்து பாக்குது. கூரை மூடுறதைப் பாத்துட்டு வரேனே. உங்களைத் தனியா விட்டுட்டு இப்படி ஆசைப்படுறது தப்புதான். வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வெள்ளிக்கிழமையே வந்துருவேன். கோவமா?

– போன புதுசுல தினம் போனை எடுத்ததும் என்ன கேப்ப?

– மிஷினுக்கு எண்ணெய் விட்டீங்களான்னு.

– பத்து நாளா கேக்கல.

– அய்யோ! மறந்தே போச்சுங்க.

– மூணு நாள் பொறுத்துப் பாத்தேன். மிஷினையே மறந்துட்டா உன் மனசு அங்க ஒட்டிக்கிச்சுன்னு புரிஞ்சுது, நாலாம் நாள் நேரா போய் நீ திரும்பி வர்ற விமான டிக்கெட்டை அடுத்த மாசத்துக்கு மாத்திட்டு வந்துட்டேன். நீயா வாயைத் திறந்து கேக்குறியான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரமும் சண்டை போட்டேன்.