ஆறாவது யன்னல்

ஜெர்மனியின் பான் நகரில் காலை டிராம். முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணக் கணவனும் மனைவியும். என் கையில் புத்தகம் திறந்திருந்தது, நான் வாசிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எங்கட வீட்டில ஒரு யன்னல் பொய்யாம்."

"யன்னல் எப்பிடிப் பொய்யாகும்?"

"இங்கிலாந்து ஜோர்ஜியன் பாணியில கட்டின பழைய செங்கல் வீடெல்லோ. வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி யன்னல் இருக்கோணுமாம். மேல்மாடியில ஒரு மூலையில புகைக்கூடு வந்திட்டுதாம். அதால அந்த இடத்தில செங்கல் அடுக்கி, கண்ணாடி மாதிரிக் கறுப்புப் பெயின்ற் அடிச்சு விட்டிருக்கினம்."

"ஆர் சொன்னது?"

"கீழ இருக்கிற வீட்டுக்காரி. நேற்று உங்களிட்ட என்ன கேட்டவ?"

கணவர் வெளியே பார்த்தார்.

"காலமையில எல்லா யன்னலையும் திறந்து காத்து விடுறனீங்களோ, இல்லாட்டிச் சுவர் பூஞ்சணம் பிடிக்கும் எண்டவ."

"நீங்கள்?"

"மேல ஆறையும் திறக்கிறனான் எண்டன்."

"பிறகு?"

"அந்த மூலை யன்னலையுமோ எண்டு கேட்டவ."

"அதுக்கு?"

"அது கொஞ்சம் இறுக்கம், ஆனாத் திறக்கலாம் எண்டன்."

மனைவி கைப்பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தலை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"வெளிக்கிடேக்க தந்து விட்டவ. அந்த இறுக்கமான யன்னலுக்குப் போட்டுப் பாக்கட்டாம்."