பதினொரு தூஜா செடிகளை வெட்டியது சம்பந்தமாக

பெயர் ரெத்தினம், வயது 57, த/பெ ஐயாவு, விவசாயம், வடக்குத் தெரு, நன்னிலம் வட்டம். முகம்மது யூசுப் என்பவர் தன் அக்காள் ஹமீதா பானுவுக்காகக் கொடுத்த மனுவின் பேரில், இன்று 27.09.2024 காலை காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது.

என் வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதையை ஒட்டி ஹமீதா பானுவின் வீடு உள்ளது. கணவர் குவைத்தில் இருப்பதால் அவரும் மகள் ஷமாவும் மட்டும் குடியிருக்கிறார்கள். மதில் கட்டாமல், களிமண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாதபடி மேடு போட்டு, ஆறு வருடங்களாகத் தூஜா செடியை வேலியாக வளர்த்து வந்தார்கள். அது கோடையிலும் இலை உதிராமல், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, எதிரில் உள்ள டீக்கடையிலிருந்து வாசல் தெரியாதபடி அடைத்திருந்தது. பாதைக்குள் இரண்டடி கிளை நீண்டிருந்தது.

கடந்த 12ஆம் தேதி குறுவை அறுக்க வந்த மெஷின் பாதையில் நுழைய முடியாமல் நின்றது. மேகம் கூடியிருந்தது. ஹமீதா பானுவிடம் கேட்டதற்கு, "சாயங்காலம் ஆள் வெச்சு கிளையைக் கழிச்சுத் தர்றேண்ணே, அடியோட கை வெச்சிடாதீங்க" என்றார். அதற்குள் மழை வந்துவிடும் என்ற ஆத்திரத்தில் நான் அரிவாளால் பதினொரு செடிகளை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டேன்.

அதன் பிறகுதான் வாசலில் பாய் விரித்து ஷமா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கேஸ் அடுப்பு விபத்தில் அவர் முகமும் கழுத்தும் வெந்தது தெரியும். அதற்குப் பின் நான் அவரைப் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஷமா கீரையைக் கையில் வைத்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஹமீதா பானு என்னைத் திட்டவில்லை. "இந்த மறைப்பு வந்த பொறவுதாண்ணே எம்மவ வெளியில உக்காந்தா" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் மாட்டுக்கொட்டகைக் கீற்றைப் பிரித்து வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடியே அந்த இடத்தை அடைத்தேன். அன்றைய மழையில் என் கதிர் சாய்ந்தது. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

தஞ்சாவூர் நர்சரியில் விசாரித்ததில், பச்சையில்லாத வெறும் கட்டையிலிருந்து இந்தச் செடி திரும்பத் துளிர்க்காது என்றார்கள். ஆகவே மார்பளவு செடிகளாகப் பதினொன்று வாங்கி 20ஆம் தேதி கொண்டுபோய் இறக்கினேன். ஹமீதா பானு கதவைத் திறக்கவில்லை. பழைய வரிசையிலேயே குழி எடுக்க மண்வெட்டியைப் போட்டபோது, கீற்றுக்குப் பின்னாலிருந்து ஷமா, "ரெண்டடி எங்க பக்கம் தள்ளி வைங்க மாமா, மெஷின் போவணும்ல" என்றார். அவர் சொன்ன இடத்திலேயே நட்டேன்.

மனுவில் கண்டபடி செடிகளை வெட்டியது நான்தான். எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். புதுச் செடி ஆள் உயரம் வரும்வரை கீற்றை நானே மாற்றிக் கட்டித் தருவேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஐ. ரெத்தினம்