குட்டி டீச்சர்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதம் சரியில்லை, சார். இப்படிக் கூன் போட்டே எழுதிக்கொண்டிருந்தால் ஒருநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, முதுகைச் சாய்த்து உட்காருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது.

விளையாட்டும் உடல்நலமும் என் பாடம். நகம் வெட்டுவது, பல் தேய்ப்பது, விழும்போது கையை ஊன்றாமல் உருள்வது, மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்னால் குனிவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘விசில்’ என்பார்கள். காதில் விழாத மாதிரி போய்விடுவேன். பட்டப்பெயர் கூட வைக்கத் தோன்றாத டீச்சரைவிட அது மேல்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நாலாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அவள் அம்மா விளையாட்டுச் சாமான் அறைக்கு என்னைத் தேடி வந்தார். துணிக்கடையில் பில் போடுகிறவர், வேலைக்கு நேரமாகிறது என்று நின்றபடியே பேசினார்.

“பிறந்ததுல இருந்தே இதயத்துல ஒரு கோளாறு டீச்சர். நடக்கலாம், படி ஏறலாம், ஓட மட்டும் கூடாது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாரையும் போல ஓடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். பழைய பள்ளிக்கூடத்துல விஷயம் தெரிஞ்சு பிள்ளைங்க எல்லாம் அவளை ஒதுக்கிட்டாங்க. இங்க உங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். அவகிட்ட, டீச்சர் எப்ப ஓடுன்னு சொல்றாங்களோ அப்ப ஓடுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எப்படி ஏற்றுக்கொண்டேன் என்று பாருங்கள். ஓடாத பிள்ளையை ஓரத்தில் உட்காரவைத்தால் ஊரே ஏன் என்று கேட்கும். அதனால் அவள் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, எல்லைக்கோட்டில் நிற்கவைத்தேன். மற்றவர்கள் ஓட, அவள் நேரம் சொல்லுவாள். அந்த வேலைக்கு மற்ற பிள்ளைகள் ஆலாய்ப் பறந்தார்கள். ‘குட்டி டீச்சர்’ என்று அவளுக்குப் பெயரே வந்துவிட்டது. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லவேண்டியதுதானே. இடைவேளையில் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருவாள். “டீச்சர், உங்க நிழலை மிதிச்சிட்டேன், வலிக்குதா?” என்பாள். “வலிக்குது, மருந்து போடு” என்பேன். தினமும் இதே பேச்சுதான், எங்களுக்கு அலுத்ததே இல்லை.

பிறகுதான் புது டீச்சர் வந்தாள்.

நல்ல பெண்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வயது குறைவு, ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வாங்கியவள், பிள்ளைகளோடு தானும் சேர்ந்து ஓடுவாள். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்கும் முழங்கால் வலி. சின்னப் பிள்ளைங்களை நீங்க பாத்துக்கங்க. ஆறாம் வகுப்புல இருந்து அவங்க பாக்கட்டும்” என்றார். என் முழங்காலைப் பற்றி அவ்வளவு அக்கறை அவருக்கு முன்பு இருந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். குட்டி டீச்சர் அந்த வருடம் ஆறாம் வகுப்பு.

ஒரு வாரத்தில் பிள்ளைகள் புது டீச்சரை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முகத்துக்கு நேராகவே. நான் இத்தனை வருடம் கத்தியும் வரிசையில் நிற்காத பயல்கள், அவள் கையைத் தட்டினால் வந்து நின்றார்கள். வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். “ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். பிள்ளைங்க திரும்பி உன்கிட்டதான் வரும், சாப்பிடு” என்றார். அறுபது நாளும் போயிற்று. யாரும் வரவில்லை.

மற்றவர்கள் போனதில் எனக்கு ஒன்றும் இல்லை. இவள் போனதுதான். இடைவேளையில் நான் சாமான் அறை வாசலிலேயே நிற்பேன். அவள் மைதானத்தின் அந்தப் பக்கம், புது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒருநாள் அவள் என்னவோ சொல்ல, புது டீச்சர் காலைத் தூக்கிக்கொண்டு ‘ஐயோ வலிக்குதே’ என்று நொண்டினாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது, சார். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், அதுதான் சரியான வார்த்தை.

அந்தச் சமயத்தில் அவள் அம்மா பள்ளி வாசலில் என்னைப் பிடித்தார். “புது டீச்சர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?” என்றார். “நானே எல்லாம் சொல்லிட்டேன், நீங்க கவலைப்படாம போங்க” என்றேன். அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு ரகசியம்தான். அதையும் கொண்டுபோய் புது டீச்சர் கையில் கொடுக்க வேண்டுமா?

பிறகு புது டீச்சரே என்னிடம் வந்தாள். ஆசிரியர் அறையில், நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது.

“குட்டி டீச்சர் ஏன் மேடம் ஓடறதே இல்ல? ஆசையா பாத்துட்டே நிக்குது, பாவமா இருக்கு. உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. சோம்பேறி. செல்லம் கொடுத்து நான்தான் கெடுத்துட்டேன்” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்று மூன்றாம் வகுப்புக்கு உடல் உறுப்புகள் பாடம். இதயம் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் மூடச் சொல்லிக் காட்டினேன். அவரவர் கைமுட்டி அளவு.

இரண்டு நாள் கழித்து குட்டி டீச்சர் சாமான் அறைக்கு வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அதன் கயிறு நைந்துபோனபோது நான்தான் என் காசில் புதுக் கயிறு கட்டிக் கொடுத்திருந்தேன். சிவப்புக் கயிறு, அவள் கேட்ட நிறம்.

“இனிமே இது எனக்கு வேணாம் டீச்சர். அக்கா என்னையும் ஓட வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “நான் ஓடலாமா டீச்சர்?”

நான் ஒரு பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று மதியம் அவர்கள் வகுப்பு. எனக்கு ஓய்வு நேரம். சாமான் அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். விசில் கேட்டதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன், பழக்கதோஷம். நன்றாக ஓடினாள், சார். தலை ஆடவில்லை, தோள் இறுகவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கை சரியாக வீசியது. எல்லைக்கோட்டில் நின்று மற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். இரண்டாவது வளைவில் விழுந்தாள். கையை ஊன்றவும் இல்லை, உருளவும் இல்லை.

புது டீச்சர்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினாள். முழங்கை மடங்காமல், சரியாகத்தான் செய்தாள். நானும் போனேன். ஏன் ஓடிப் போகவில்லை என்று நேற்று கேட்டீர்கள். ஆபத்து நேரத்தில் பெரியவர்கள் ஓடினால் பிள்ளைகள் பயந்துவிடும். இதை ஆண்டுதோறும் நான் பாடமாகவே எடுக்கிறேன். அதனால் நடந்து போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் நிறம் இல்லை.

புது டீச்சருக்கு எச்சரிக்கை சொல்லியிருந்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். நீங்கள் நம்பிவிட்டீர்கள், பள்ளிக்கூடம் நம்பிவிட்டது. அவளைக் கேட்டபோது அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். “மேடம் சொல்லியிருப்பாங்க. நான்தான் மறந்திருப்பேன்.” அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் தலைமுடிக்குக்கூட ஆபத்தில்லை.

பிறகு ஏன் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். மனசாட்சி என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள்.

உடலை எடுத்த அன்று நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா புது டீச்சரின் தோளில் சாய்ந்துதான் அழுதார். “உன் மேல உசுரையே வச்சிருந்தாம்மா. உனக்காகத்தான் ஓடினா. நீ வேணும்னா செஞ்ச?” என்று அவளையே தேற்றினார். பிள்ளைகள் எல்லாம் அக்கா, அக்கா என்று அவளைச் சுற்றிக்கொண்டு அழுதார்கள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்தப் பிள்ளையைப் பொத்திப் பொத்திக் காத்தவள் நான். நேற்று வந்தவளுக்காக அவள் ஓடினாள் என்று ஊர் பேசுகிறது. அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அவளுக்காக ஓடவில்லை, சார். அவள் எத்தனையோ நாள் கூப்பிட்டும் அந்தப் பிள்ளை ஓரடி ஓடியதில்லை. என்னிடம் வந்து கேட்டாள். ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே, அவள் தலையைத் தடவி, “ஓடு” என்றேன்.

இதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். அவள் கடைசி வரைக்கும் என் பேச்சைத்தான் கேட்டாள்.