சோதனை பாக்கெட்

அந்தக் காரின் இருக்கைகள் உண்மையிலேயே சௌகரியமானவை, ஐயா. மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் தெருவின் சத்தம் வெளியே நின்றுவிடும். முந்தைய சொந்தக்காரர் ஒரு டாக்டர். தோல் உறைகளைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். புதிதாக ஒரு சின்ன வண்டி வாங்கும் விலைக்கு, பழையதானாலும், ஐரோப்பாவில் செய்த பெரிய வண்டி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் மச்சினன் வேண்டாம் என்றான்.

என் மனைவியின் தம்பி அவன். தாடி நரைக்கத் தொடங்கிய பிறகும் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக மெக்கானிக் ஷாப் வைத்திருந்தான்.

"வேணாம் மாமா. இதை வாங்குறது சுலபம், வச்சுக்கறதுதான் கஷ்டம். யானையைக் கட்டித் தீனி போடற கதை. வாங்கியே தீருவேன்னா சொல்லுங்க, நான் ஒரு தடவை அடியில படுத்துப் பாத்துடறேன்" என்றான்.

எனக்கு உடனே பட்டது. நான் விட்டுவிட்டால் இவனே அதை வாங்கி, பூசி மெழுகி, கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவான். அதனால் அவனிடம் காட்டாமலே பணத்தைக் கட்டி வண்டியை ஓட்டிவந்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியைச் சுற்றிவந்து, "கலர் நல்லாருக்கு மாமா" என்றான். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவனை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நான் பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பாக்கெட்டுகள் பெல்ட்டில் வரிசையாக வரும். நடுவில் ஓர் இயந்திரம். மாவில் எங்கேயாவது இரும்புத் துணுக்கு கலந்திருந்தால் அந்தப் பாக்கெட்டை அது வெளியே தள்ளிவிடும். சரி, இயந்திரம் ஒழுங்காக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்காக உள்ளே இரும்புக் குண்டு வைத்த பாக்கெட் ஒன்றை நாங்களே பெல்ட்டில் விடுவோம். அதன்மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருக்கும். அதுதான் சோதனை பாக்கெட். இயந்திரம் தள்ளினால் நல்லது. தள்ளாவிட்டால் பெல்ட்டை நிறுத்தி, நாங்களே அதைக் கையால் எடுத்துவிடுவோம். இதில் இயந்திரத்தின்மேல் யாருக்கும் பகை கிடையாது.

வண்டி சில மாதங்களிலேயே வேலையைக் காட்டியது. ஒருநாள் காலையில் பார்த்தால் பின்பக்கம் ஒரு மூலை தரையோடு உட்கார்ந்திருந்தது. அந்த வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை; அது கிழிந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு நேராகச் சின்னவனிடம்தான் போனேன். அவன் அதில் பாதி சொன்னான். பிறகு தண்ணீர் பம்ப் போனது. பிறகு ஆயில் கசிந்தது. பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டர் வைத்து வண்டிக்குச் சொல்லவேண்டுமாம். ஒவ்வொரு பாகமும் கப்பலில் வரும்வரை வண்டி அவன் ஷாப்பில் கிடக்கும், நான் பஸ்ஸில் போவேன். வாசலில் அப்படிப்பட்ட கார் நிற்க, உள்ளே பிரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம்.

கம்பெனி விலையில் பாதி என்கிறானே, அந்த மிச்சப் பாதி எங்கே போகிறது என்று யோசித்தேன். உண்மையிலேயே மாற்றினானா, அல்லது பழையதையே துடைத்து மாட்டினானா? என் மனைவியிடம் கேட்டேன்.

"அவன் உங்ககிட்ட கூலிகூட வாங்கறதில்ல. உங்களுக்கு யார்மேலதான் நம்பிக்கை இருக்கு?" என்றாள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற குடும்பம் அது. ஆனால் அவள் சொன்னதில் ஒன்று எனக்கு உறைத்தது. கூலி ஏன் வாங்குவதில்லை? சின்ன மீனைப் போட்டுத்தானே பெரிய மீனைப் பிடிப்பார்கள்.

அடுத்த முறை ஒரு பாகம் மாற்றவேண்டும் என்று அவன் சொன்னபோது, வண்டியை விடுவதற்கு முன்னால் அந்தப் பழைய பாகத்தின் ஓரத்தில் என் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். ரோஜா நிறம். வண்டி திரும்பி வந்தபோது பழைய பாகம் டிக்கியில் துணியில் சுற்றியிருந்தது. பொட்டும் இருந்தது. நிம்மதி வந்திருக்கவேண்டும் இல்லையா? வரவில்லை. நான் கேட்காமலே எதற்காகப் பழையதைத் திருப்பித் தருகிறான்? பொட்டைப் பார்த்துவிட்டானோ என்றுதான் தோன்றியது.

அதற்கடுத்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, விளக்கு எரியவில்லை என்று கொண்டுபோய் விட்டேன். புது விளக்கே மாற்றவேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொல்வான் என்று காத்திருந்தேன். "ஒயர் கழண்டிருந்துச்சு மாமா, மாட்டிட்டேன். இதுக்கெல்லாம் காசா?" என்றான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன்மேல் இருந்த சந்தேகம் பொய்யாகிவிடுமோ என்ற பயம்தான். இதை நான் மறைக்கப்போவதில்லை. நான் வாங்கிய வண்டிதான் கோளாறு, வாங்கிய நான்தான் ஏமாளி என்று ஆகிவிடும் அல்லவா?

சின்னச் சோதனைகளில் யாரும் தேறிவிடுவார்கள். குண்டின் அளவைக் கூட்டவேண்டும்.

பிரேக் வேலை அவனே எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். ஒருநாள் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். "இந்த நட்டு மட்டும் லூசாச்சுன்னா ஆயில் கசிஞ்சுடும் மாமா. அழுத்தி மிதிக்கிற நேரத்துல பெடல் தரைக்குப் போயிடும். நல்லவேளை, ஆயில் குறைஞ்சா இவன் சிவப்பு விளக்கு போட்டுச் சொல்லிடுவான்" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தான். வண்டியைக்கூட அவன், இவன் என்றுதான் பேசுவான்.

அந்த நட்டைத்தான் தளர்த்தினேன். நட்டிலிருந்து குழாய்க்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். அவன் கண்டுபிடித்து முறுக்கியிருந்தால் கோடு விலகியிருக்கும், எனக்கும் தெரிந்துவிடும். சிவப்பு விளக்குக்குப் போகும் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். கேள்வித்தாளிலேயே பதிலை எழுதிக் கொடுத்தால் அது பரீட்சையா? பிறகு ஏசி குளிரவில்லை என்ற சாக்கில் வண்டியை அவன் ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். மேம்பாலத்தின் மேல் போகவில்லை, கீழே சுற்றிப் போனேன். பெடலை மெல்ல மெல்லத்தான் மிதித்தேன்.

சாவியை வாங்கும்போது அவன் கேட்டான்: "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா மாமா? பிரேக்கெல்லாம் எப்படி?"

"நல்லாப் பிடிக்குது" என்றேன்.

மதியம் நான் தொழிற்சாலையில் இருந்தபோது அவன் போன் செய்தான். "ஏசி இப்ப ஜில்லுன்னு இருக்கு மாமா. அக்கா இங்கதான் இருக்கா, சாப்பாடு கொண்டுவந்தா. அவளையும் ஏத்திக்கிட்டு நானே வண்டியை வீட்ல விட்டுடறேன்."

"எல்லாத்தையும் பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

"பாத்தாச்சு மாமா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன், ஐயா. எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். வேறு பெயர் சொன்னால் பொய்யாகிவிடும். போன் என் கையில்தான் இருந்தது. பக்கத்தில் என் மனைவி ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. பெல்ட்டை நிறுத்தவேண்டிய நேரம் அது என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஆனால் நிறுத்தினால் அவன், "இப்பத்தான் பாக்கலாம்னு இருந்தேன் மாமா" என்று சொல்லித் தப்பித்துவிடுவான். "சரி, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மேம்பால இறக்கத்தில், சிக்னலுக்கு முன்னால், அவன் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தானாம். கடைசி நொடியில் ஸ்டியரிங்கைத் தன் பக்கமாக ஒடித்திருக்கிறான். அதனால் அவன் உட்கார்ந்திருந்த பக்கம்தான் தூணில் மோதியது. என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்ததோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் பழைய வண்டியைத்தான் திட்டினாள். நீங்கள் கொண்டுவந்து காட்டிய படத்தில் அந்த நட்டையும் கோட்டையும் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது என் நெயில் பாலிஷ்ங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் யாரையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். ஒருவழியாகக் கற்றுக்கொண்டாள் என்று தோன்றியது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். ஒயரைப் பிடுங்கியது நான். போனை வைத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இறந்தவன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே சொல்லுங்கள். பிரேக் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டான். நன்றாகப் பிடிக்கிறது என்றேன். அதோடு விட்டுவிட்டான், குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்தவன் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற ஓர் ஆளை, ஐயா, நான் எப்படி நம்புவது?