வியாழக்கிழமை பேசலாம்

என் கவுன்சலிங் அறைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சுக்குக் காபி கொடுப்பேன். தில்லியில் தமிழில் அழ வேண்டுமென்றால் ஆர்.கே.புரத்தில் என்னிடம்தான் வர வேண்டும். தொண்டையாவது இதமாக இருக்கட்டுமே. நீங்கள் விசாரணைக்கு வந்திருப்பதால் வேண்டாம் என்கிறீர்கள். பரவாயில்லை.

ஸ்ரீவத்ஸனையும் ஜ்யோத்ஸ்னாவையும் பற்றிக் கேட்டீர்கள். மனைவிதான் முதலில் வந்தாள். 'உங்கள் கணவரின் மூளை வேறு மாதிரியா?' என்று நான் இன்ஸ்டாகிராமில் போட்ட ரீல் அவளைத் தூங்கவிடவில்லையாம். கணவருக்கு மத்திய அரசு வேலை. புடவை எப்படி என்று கேட்டால் நன்றாக இல்லை என்பார். சரோஜினி நகர் மார்க்கெட்டின் இரைச்சல் தாங்காமல் வெளியிலேயே நிற்பார். அவள் திரும்பியதும் பைகளையெல்லாம் தூக்கிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவருக்கும் இது ஒரு குறையாகவே தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு அறியாமை. ஆட்டிசம் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன்.

பிறகு இருவரையும் வாராவாரம் வரச் சொல்லி ஒரு விதி போட்டேன். மனதில் இருப்பதை வீட்டில் பேசக் கூடாது; எதுவானாலும் வியாழக்கிழமை, என் முன்னால்தான். காரணம் இருந்தது. சண்டையை அடுக்களையிலேயே பேசித் தீர்த்துவிட்டு, என் சோபாவில் வந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் நான் எதற்கு? எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. மற்ற தம்பதிகள் வாசலைத் தாண்டியதுமே இந்த விதியை மறந்துவிடுவார்கள். ஸ்ரீவத்ஸன் சொன்னால் சொன்னபடி நடப்பவர். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பிடிக்காதது ஒன்று உண்டு. "கோபம் உடம்புல எங்க இருக்கு?" என்று வாராவாரம் கேட்பேன். "கோபமே இல்லையே மேடம்" என்பார். எங்கள் துறையில் உணர்ச்சியை உடம்பில் தேடச் சொல்வோம். தேடக்கூட மாட்டேன் என்கிற ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு செவ்வாய் மதியம் வீட்டிலிருந்து போன் செய்தார்.

"மேடம், நெஞ்சு பாரமா இருக்கு. லெஃப்ட் கை வரைக்கும் வலி. ஜ்யோத்ஸ்னா கிச்சன்லதான் இருக்கா. அவகிட்ட சொல்லலாமா, இல்ல வியாழக்கிழமை உங்க முன்னாடிதானா?"

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மனிதர் கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அச்சா, ரொம்ப நல்ல விஷயம். அதை அப்படியே வெச்சுக்கோங்க. வியாழக்கிழமை பேசலாம்."

"சரி மேடம்" என்றார். மூச்சு வாங்கியது.

இடது கை என்றாரே, அது காதில் விழவில்லையா என்கிறீர்கள். விழுந்தது. போனை வைத்ததும் என் அப்பா போன விதம் நினைவுக்கு வந்தது. அவருக்கும் இதே வலிதான். திரும்ப அழைத்து அவளிடம் சொல்லச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். ஆனால் என் விதியை நானே மாற்றினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதோடு, அவர் முதல்முறையாக மனம் திறப்பது நான் இல்லாத அடுக்களையில் நடந்து முடிந்துவிடும். போனைக் கீழே வைத்துவிட்டு, காத்திருந்த அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.

விளக்கு வைப்பதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஜ்யோத்ஸ்னா வந்தாள். "பக்கத்து ரூம்லதான் இருந்தேன் மேடம். என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

போன் வந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. ஏற்கெனவே உடைந்திருந்தாள்.

"அவரோட மூளை அப்படிம்மா" என்றேன். "பொண்டாட்டிங்கற ஒட்டுதலே அவருக்கு வந்திருக்காது."

வெகுநேரம் அழுதாள். அடுத்த முறை வந்தபோது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மாலை போட்டிருந்த அவர் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டதாகவும், இத்தனை வருடம் யாரோ ஒருத்தரோடு வாழ்ந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டதாகவும் நிதானமாகச் சொன்னாள்.

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் குணமாகி நான் பார்த்ததே இல்லை.