இரண்டு நிமிடம், ஒற்றைக் கை

மேடையில் அமர்ந்திருக்கும் டயாலிசிஸ் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியத் தங்கைகளே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, காலை முறை டயாலிசிஸ் முடிந்து கையில் கட்டோடு நேராக இங்கே வந்திருக்கும் சங்க உறவுகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சிறுநீரக நோயாளிகள் சங்கத்தின் துணைத்தலைவி, நான்காம் நாற்காலிக்காரர், நாமெல்லாம் வாய் நிறையத் தையலக்கா என்று அழைத்த அம்மையார் நம்மைப் பிரிந்து ஒன்பது நாளாகிறது. ஊசி போட வசதியாகக் கைப்பகுதியில் பொத்தான் வைத்த சட்டைகளை நமக்குத் தைத்துக் கொடுத்தவர். அதை மற்றவர்கள் பேசுவார்கள். அவர் என்னைத் தோற்கடித்த கதையைச் சொல்லவே செயலாளராகிய நான் நிற்கிறேன்.

எந்த நாளில் எந்த டயாலிசிஸ் நாற்காலி காலி என்று ஊருக்குச் சொல்லும் நம் பழைய இணையதளம் என் ஏற்பாடு. அதில் ஒரு வரியை மாற்றவும் கணினிக்காரர்தான் வரவேண்டும். அவர் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, எப்போதோ நிரம்பிவிட்ட இடம் காலி என்றே கிடந்தது. அதை நம்பி ஓர் ஓட்டுநர் தன் தாயாரை நெடுந்தூரம் அழைத்து வந்துவிட்டார். கால் வீங்கிய அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது யார்? நான்தான். அக்கா தன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய தளம் அமைப்பது என்று முடிவானது. அதில் செய்திகளை ஏற்றவும் மாற்றவும் எந்த மென்பொருளை வைப்பது? எனக்குப் பிடித்தது படமெல்லாம் தானாக நகரும் ஒன்று. அக்காவுக்குப் பிடித்ததோ பார்க்க மொட்டையாக இருந்தது. சங்கத்தின் மானம் கப்பலேறிவிடும் என்று நான் குதித்தேன்.

"சட்டை எவ்வளவு அழகா இருந்தா என்ன சார், நம்மால போட்டுக்க முடியணும்ல?" என்றார். "எடம் காலியாறது மொதல்ல நாற்காலியில இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அவங்களே ஏத்தணும். ரெண்டு நிமிஷம், ஒத்தக் கை. அதுல முடியறதை வாங்குவோம்."

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனையை வைத்தார். என் மென்பொருளில் பன்னிரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். எட்டு நிமிடமாகியும் முடியவில்லை.

"ரெண்டு கையும் வச்சா ஈஸி மேடம்" என்றார் விற்க வந்தவர்.

"அந்தக் கையில ஊசி இருக்கு தம்பி" என்றார் அக்கா.

பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த என் மனைவியே சிரித்துவிட்டாள். வாரம் மூன்று நாள் அவளருகே உட்கார்ந்திருந்த எனக்கு, அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு கைதான் என்பது ஏன் தோன்றவில்லை? இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் மென்பொருளில் இரண்டு நிமிடத்திலேயே முடிந்தது. அந்த மொட்டைத் தளம் வந்தபிறகு ஒருவரையும் நாம் வீணாகத் திருப்பி அனுப்பியதில்லை.

போன மாதம் அக்காவை வார்டில் சேர்த்தார்கள். படுக்கையிலேயே டயாலிசிஸ் என்று முடிவானது. மறுநாள் தளத்தைத் திறந்தால், 'சனிக்கிழமை காலை, நான்காம் நாற்காலி காலி' என்றிருந்தது. பதறிப்போய் போன் செய்தேன்.

"என்னக்கா, உங்க எடத்தையே போட்டிருக்கீங்க? நாளைக்கு நீங்க திரும்பி வந்துட்டா?"

"வந்தா, வேற எது காலின்னு தளத்துல பாத்துக்கறேன் சார். அதுக்குத்தானே வச்சிருக்கோம்?"

அவர் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை நான்காம் நாற்காலியில் வேறொரு தாய் உட்கார்ந்தார்.

அக்கா பார்த்த வேலையை இனி நான் பார்ப்பேன் என்று இந்தச் சபையில் வாக்களிக்கிறேன். நாளைக் காலை இரண்டாம் நாற்காலி காலி என்று செவிலியத் தங்கை இப்போதுதான் எனக்குச் சீட்டு நீட்டினார். அக்கா இருந்திருந்தால் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டார். எனவே, எல்லோரும் எழுந்து நின்று அவருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம். அந்த நேரத்தில் நான் மட்டும் போனைத் தட்டிக்கொண்டிருப்பேன், தவறாக நினைக்காதீர்கள். என் இடது கை சட்டைப் பைக்குள் இருக்கும்.